ஒரு கொலையும் ஒரு தட்டெழுத்துப் பொறியும்: 'ஸெட்' திரைப்படம் பற்றிய ஒரு மீள்பார்வை

அரசியற் குற்றமொன்றைத் துப்பறியுங் கதையின் வேகத்தோடு சொல்லுந் திரைப்படங்களைப் பற்றிய எந்த ஆய்வும், 1969ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸெட்' என்னும் பிரான்சிய மொழிப் படத்தை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் இயலாது. கிரேக்கத்திற் பிறந்து பாரிசிற் குடியேறிய கொஸ்ரா-கவ்ராஸ் நெறிப்படுத்திய இப்படம், அவ்வாண்டின் கான் விழாவிலே நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. விசாரணை நீதவானாக நடித்த ஜோன்-லூயி திரன்தினியான் அதே விழாவிற் சிறந்த நடிகராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1970இல், அல்ஜீரியாவின் சார்பிற் சமர்ப்பிக்கப்பட்ட இப்படத்திற்குப் பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதும், படத்தொகுப்புக்கான விருதுங் கிடைத்தன. ஒருபுறம் உலகச் சந்தையில் வரவேற்பு. மறுபுறம் இடதுசாரி விமர்சகரிற் கணிசமானோரிடமிருந்து கடுங் கண்டனம். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையே இப்படத்தை இன்றும் பேசவேண்டிய ஒன்றாக்குகின்றது.

படம் தாக்க முனைந்த இராணுவ ஆட்சி 1974ஆம் ஆண்டு யூலையில் வீழ்ந்துவிட்டது. கொன்றவர் யார், கொல்வித்தவர் யார் என்பது இன்று படத்தைப் பார்க்க அமரும் எவருக்கும் முன்னரே தெரிந்த செய்தி. ஆகவே துப்பறியுங் கதையின் உயிர்நாடி எனக் கருதப்படும் 'அடுத்து என்ன?' என்ற ஆவல் இங்கே பெரும்பாலும் செயலற்றுப் போகின்றது. அவ்வாவல் அகன்றபின் எஞ்சுவது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலிற் பின்னணியைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ் ஒரு மருத்துவர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆசிரியர். இளமையிலே நீளம் பாய்தலில் பால்கன் நாடுகளின் வீரராகத் திகழ்ந்தவர். 1961இல் இடதுசாரி முன்னணியான 'எடா'வின் துணையோடு பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். ஆயினும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் அல்லர். 1963 ஏப்பிரல் 21இல் மரதனிலிருந்து ஏதென்சுக்கான சமாதான நடைப்பயணம் தடைசெய்யப்பட்டபோது, பாராளுமன்ற உறுப்பினர் என்ற காப்புரிமையைப் பயன்படுத்தித் தன்னந்தனியே அவ்வழியை நடந்தார். அதற்கு அடுத்த மாதம், மே 22ஆம் நாள் இரவு, தெசலோனிக்கி நகரிலே சமாதானக் கூட்டமொன்றிற் பேசிவிட்டு வெளியே வந்தவரை, பொலிசார் திரளாக நின்ற தெருவில் முச்சக்கர வண்டியொன்று நெருங்கியது. வண்டியிலிருந்தவன் அவரது தலையில் அடித்தான். மே 27இல் அவர் இறந்தார். ஏதென்சில் நடந்த இறுதி ஊர்வலத்திலே இலட்சக்கணக்கான மக்கள் திரண்டனர். 'அவர் வாழ்கிறார்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து நகரச் சுவர்களில் ஏறியது. வசிலிஸ் வசிலிக்கோஸ் இந்நிகழ்ச்சியை வைத்து எழுதிய நாவலுக்கும், அதன்வழி வந்த படத்துக்கும் அவ்வெழுத்தே பெயராயிற்று.

இக்கொலையைத் தனிப்பட்ட சிலரின் சதி என்று மட்டும் விளங்கிக்கொள்வது தவறாகும். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில், முதலிற் பிரித்தானியாவும் 1947 முதல் ஐக்கிய அமெரிக்காவும் வலதுசாரிகளின் பக்கம் நின்றன. போரின் முடிவிலே, ஜேர்மன் நாசிகளை எதிர்த்துப் போராடியோரிற் பெருந்தொகையினர் மக்ரோனிசோஸ் போன்ற சிறைத்தீவுகளில் அடைபட்டனர். நாசிகளோடு ஒத்துழைத்தவர்களிற் பலர் தேசபக்தர் வேடம் பூண்டு வெளியே உலாவினர். லம்பிராக்கிசைத் தாக்கிய கும்பலின் தலைவனே ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜேர்மானியருக்குத் துணைபோனவன். பொலிசின் அனுசரணையோடு இயங்கிய இத்தகைய கும்பல்களின் வலையமைப்பைக் கிரேக்கர் 'பக்கத்து அரசு' என்று பொருள்படுஞ் சொல்லாற் குறித்தனர். அச்சொல் அரசறிவியல் நூலிற் பிறந்ததன்று, தெருவிற் பிறந்தது.

இவ்வமைப்பின் அச்சாணியாக விளங்கியது ஒரு கடதாசித் துண்டு. 'சமூகச் சிந்தனைச் சான்றிதழ்' என்று அது பெயர்பெற்றது. ஒருவரோ அவர்தங் குடும்பத்தினரோ இடதுசாரிச் சார்பு அற்றவர் எனப் பொலிசார் வழங்கிய உறுதிமொழியே அது. அரசாங்க உத்தியோகம், பல்கலைக்கழக அனுமதி, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய யாவற்றுக்கும் அது வேண்டப்பட்டது. கொஸ்ரா-கவ்ராசின் தந்தை எதிர்ப்பியக்கத்திற் பங்குகொண்டு, போரின்பின் கம்யூனிஸ்டாகச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைசென்றவர். அதனாலேயே மகனுக்குக் கிரேக்கத்துப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. அவர் பாரிசுக்குச் சென்று திரைப்படக் கல்வி பயின்றமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. படத்தைப் பிறப்பித்த சமூக நிலையும் படத்தின் பொருளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

1967 ஏப்பிரல் 21இல், லம்பிராக்கிஸ் தனித்து நடந்த அதே நாளில், கேணல்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். படத்தைக் கிரேக்கத்தில் எடுப்பது கனவிலும் நினைக்கவொண்ணாததாயிற்று. அல்ஜியேர்ஸ் நகரத் தெருக்கள் தெசலோனிக்கியின் தெருக்களாயின. அல்ஜீரிய அரசின் திரைப்பட நிறுவனம் கூட்டுத் தயாரிப்பில் இணைந்தது. (1965இல் இராணுவச் சதியால் அதிகாரத்துக்கு வந்த பூமெதியனின் ஆட்சியே, இராணுவச் சதியைக் கண்டிக்கும் படத்துக்கு இடமளித்தது என்பதை இங்கே குறித்துவைத்தல் தகும்.) இசை மிக்கிஸ் தியோதராக்கிசினுடையது; படம் உருவானபோது அவரோ கேணல்களின் காவலில் இருந்தார். திரைக்கதையை எழுதியவர் ஸ்பானிய எழுத்தாளர் ஜோர்கே செம்புறூன். புகென்வால்ட் வதைமுகாமிலிருந்து மீண்டவர். 1964இல் ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்.

இனி, இடதுசாரிக் கண்டனத்துக்கு வருவோம். 1969 ஒக்ரோபரில் 'கஹியே து சினெமா' இதழில் ஜோன்-லூயி கொமொல்லியும் ஜோன் நார்போனியும் எழுதிய ஆசிரியவுரை திரைப்படக் கோட்பாட்டு மாணவர் யாவரும் அறிந்தது. கருத்துநிலையோடு கொள்ளும் உறவை வைத்து அவர்கள் படங்களை வகைபிரித்தனர். வெளிப்படையான அரசியற் பொருளைக் கொண்டிருந்தும், ஆளுங் கருத்துநிலையின் மொழியையும் படிம முறையையும் கேள்விக்குட்படுத்தாது அப்படியே ஏற்றுக்கொண்ட படங்களுக்கு அவ்வகுப்பில் ஓரிடம் இருந்தது. 'ஸெட்' அவ்விடத்திலேயே வைக்கப்பட்டது. வாதத்தின் சாரம் இதுதான்: அமெரிக்கத் துப்பறியும் படத்தின் வடிவத்தை இரவல் வாங்கினால், அவ்வடிவம் தன்னோடு கொண்டுவருஞ் சமூக நோக்கையுஞ் சேர்த்தே வாங்குகிறோம். குற்றத்தைத் தனிமனிதர் செய்கின்றனர். உண்மையைத் தனிமனிதர் ஒருவர் கண்டுபிடிக்கின்றார். பார்வையாளர் இருக்கையிற் சாய்ந்தபடி நீதி நிறைவேறுவதைக் கண்டு களிக்கின்றார்.

இக்கண்டனத்தில் உண்மை இல்லையெனக் கூறுவார் படத்தைக் கூர்ந்து பார்த்தவரல்லர். இவ் மொன்தான் நடித்த பாராளுமன்ற உறுப்பினர், தாராண்மைவாதிகளும் முகஞ்சுழிக்காது ஏற்கத்தக்க வகையிற் செப்பனிடப்பட்டுள்ளார். அவரைச் சூழ்ந்தோர் பெரும்பாலுஞ் சட்டத்தரணிகளும் படித்த மத்தியதர வர்க்கத்தினருமே. மக்கள் திரள் பின்னணியாக வந்துபோகின்றது. தொழிற்சங்கங்கள் மண்டபத்தின் பெயராக மட்டும் எஞ்சுகின்றன. ஏவுகணைகளுக்கு எதிரான கூட்டம் என்கிறார்களேயன்றி, அவ்வேவுகணைகளை நிறுவுவதால் நன்மையடையும் வர்க்கம் எது என்பதைப் படம் தொடுவதில்லை. நாட்டின் பெயர் கூடச் சொல்லப்படுவதில்லை. போதாக்குறைக்கு, கொலையாளிகள் இருவருள் ஒருவனைச் சிறுவரை நாடும் ஒருபாற் காமத்தினனாகக் காட்டி, அரசியல் இழிவுக்கும் பாலியலுக்கும் முடிச்சுப் போடும் மலிவான உத்தியையும் படம் கையாளுகின்றது. இதனைக் காலத்தின் குறை என்று மன்னிப்பது எமக்கு உடன்பாடன்று. 1969இலும் அது குறையே.

ஆயினும், வடிவமே யாவற்றையுந் தீர்மானித்துவிட்டது என்ற முடிவைப் படத்தின் உள்ளே நிகழ்வன மறுக்கின்றன.

தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். உயர் அதிகாரிகள் நிறைந்த கூட்டமொன்றிலே திராட்சைக் கொடிகளைத் தாக்கும் பூஞ்சண நோய் பற்றி விவசாயத் துறையினர் விளக்குகின்றனர். நோயைத் தடுக்க எந்தெந்தப் பருவத்தில் மருந்து தெளிக்க வேண்டும் என்று சலிப்பூட்டும் விளக்கம். தொடர்ந்து எழுகின்ற பொலிஸ் ஜெனரல் அதே உவமையை எடுத்துக்கொண்டு, சமூகத்தைப் பீடித்துள்ள கருத்துப் பூஞ்சணம் பற்றியும், அதற்குப் பாடசாலையில், பல்கலைக்கழகத்தில், தொழிற்சாலையில் மருந்து தெளிக்கவேண்டியதன் அவசியம் பற்றியும் உரையாற்றுகின்றார். கூச்சலில்லை, வெறியில்லை, நிருவாகத் திட்டமொன்றை வாசிக்குந் தொனி. பாசிசம் அரசாங்கச் சுற்றறிக்கையின் மொழியிற் பேசுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சிகள் குறைவு. துப்பறியுங் கதையின் வில்லனுக்கு இத்தகைய மொழி தேவையேயில்லை. இக்காட்சியைக் கதைக்காக மட்டும் பார்த்தால் வெட்டியெறிந்துவிடலாம். வெட்டப்படாமல் முதலிடத்தில் நிற்கின்றது.

கொலையாளிகளின் வர்க்க நிலை அடுத்துக் கவனிக்கத்தக்கது. முச்சக்கர வண்டியில் பொருள் ஏற்றி இறக்குபவன், சிறு வியாபாரி, சுமை தூக்குபவன் என நாளாந்த வருமானத்தில் வாழ்வோரே கும்பலின் உறுப்பினர். அவர்களது பிழைப்பு பொலிசின் தயவிற் தங்கியுள்ளது. மேலே குறிப்பிட்ட சான்றிதழை நினைவிற் கொண்டால் இப்பிணைப்பின் பொருளாதாரம் துலக்கமாகும்: வண்டி ஓட்டும் அனுமதியை வழங்குங் கையே தடியையும் வழங்குகின்றது. உதிரிப் பாட்டாளி வர்க்கத்தைப் பற்றி மார்க்ஸ் லூயி பொனபார்ட் குறித்த நூலிற் கூறியவற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் படம் அவர்களைப் பிறவிக் கொடியவராகக் காட்டாமல், எசமானரின் ஒரு தலையசைப்புக்காகக் காத்திருக்கும் மனிதராகக் காட்டும் இடங்கள் உண்டு. அவ்விடங்களில் நகைச்சுவையும் அருவருப்பும் கலந்து வருகின்றன.

இவர்களுக்கு எதிர்நிலையில் நிற்பவன் நிக் என்னுந் தொழிலாளி. மரவேலைகளுக்கு வார்னிஷ் பூசி வாழ்பவன். கட்சி அரசியல் அறியாதவன். கொலைக்கு முன்னர் வண்டிக்காரன் சொன்னதைக் கேட்டவன் என்பதால் மட்டுமே சாட்சியாகின்றான். சாட்சியளிக்கச் செல்லும் வழியில் தாக்கப்பட்டு மருத்துவமனையிற் கிடக்கும் அவனிடம், பெரிய மனிதர் வந்து, நீ தடுக்கி விழுந்தாய் என்று நயமாக எடுத்துரைக்கின்றனர். அவனுடைய உடன்பிறந்தவளே ஆளுந்தரப்பின் பக்கம் நின்று அவனை ஏசுகின்றாள். அவனோ, தான் அடிபட்டதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். தனது மண்டையில் விழுந்த அடி தனக்குத் தெரியும் என்பதற்கு மேல் அவனிடம் கோட்பாடு ஏதுமில்லை. மக்கள் இப்படத்தில் இல்லை என்று சொன்ன விமர்சகர் இவனை எங்கே வைத்தனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

இப்போது விசாரணை நீதவான். படத்தின் இரண்டாம் பாதியைத் தாங்குபவர் அவரே. நிறங்கலந்த கண்ணாடி, உணர்ச்சி காட்டாத முகம், சுருக்கமான வினாக்கள். அவர் இடதுசாரியல்லர், சமாதான இயக்கத்தின்மீது அவருக்கு அனுதாபம் இருப்பதாகவும் படம் சொல்லவில்லை. தமது நடைமுறையை அவர் பிசகாது பின்பற்றுகின்றார், அவ்வளவே. அவரது அறையில் இன்னொரு பாத்திரம் உண்டு: எழுதுவினைஞரின் தட்டெழுத்துப் பொறி. மார்பு நிறையப் பதக்கங்களோடு பொலிஸ் உயரதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். ஒவ்வொருவரிடமும் பெயர், தொழில் என்ற ஒரே வினாக்கள். ஒரே பொறியின் ஓசை. குற்றச்சாட்டு வாசிக்கப்படுகின்றது. வெளியேறும்போது பத்திரிகையாளரைத் தவிர்க்க வேறொரு கதவைத் தள்ளிப்பார்க்கின்றனர், அது பூட்டியிருக்கின்றது. ஜெனரலின் முறை வரும்போது, நீங்களும் திரைபுஸ் போலப் பலியாக்கப்பட்டவரா என்று ஒருவர் கேட்க, திரைபுஸ் குற்றவாளியே என்று கத்திக்கொண்டு போகின்றார்.

அரங்கு ஆரவாரிக்கும் இடம் இது. கண்டனக்காரர் சுட்டிய இன்பமும் இதுவே. ஆனால் இதனை வெறும் மனத்திருப்தி என்று ஒதுக்குமுன், அரசு பற்றிய மார்க்சியச் சிந்தனையில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்த விவாதத்தை நினைவுகூர்தல் வேண்டும். 1968இல், பாரிசில் வாழ்ந்த கிரேக்கரான நிக்கோஸ் பூலான்ட்சாஸ், அரசதிகாரமும் சமூக வர்க்கங்களும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஆளும் வர்க்கத்தின் கையில் அரசு வெறுங் கருவியாக இருப்பதில்லை. அதற்குச் சார்பளவிலான தன்னியக்கம் உண்டு என்பது அவர் வாதம். அவ்வாதத்தின்படி நோக்கினால், நீதவான் வானத்திலிருந்து குதித்த வீரரல்லர். ஒரே அரசின் இரு உறுப்புகளான பொலிசும் நீதித்துறையும் ஒன்றோடொன்று இடறிக்கொள்ளும் கணத்தில் அவர் நிற்கின்றார். அத்தகைய கணம் தோன்றுவதற்கு வெளியே ஒரு மக்கள் இயக்கத்தின் அழுத்தம் தேவைப்பட்டது. படம் இவ்வழுத்தத்தைப் போதியளவு காட்டவில்லை என்பது மெய். ஆயினும் முரண்பாட்டை அது கண்டிருக்கின்றது.

உண்மை வரலாற்றில் இந்நீதவானுக்கு நேர்ந்தது இதனை உறுதிசெய்கின்றது. கிறிஸ்ரோஸ் சார்ட்செத்தாக்கிஸ் என்பார் அவர். 1966இல் தெசலோனிக்கியில் நடந்த வழக்கிலே, கொலையாளிகள் இருவருஞ் சில ஆண்டுச் சிறைத்தண்டனை பெற, பொலிஸ் அதிகாரிகள் விடுவிக்கப்பட்டனர். 1968இல் கேணல்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர்; பின்னர் சிறையிலடைத்து வதைத்தனர். 1985இல் அதே மனிதர் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரானார். ஒரே அரசு ஒருவரைச் சித்திரவதை அறைக்கும் ஜனாதிபதி மாளிகைக்கும் அனுப்புமாயின், அரசு என்பது ஒற்றைப் பாறையென்று கொள்வது எங்ஙனம்? அதேவேளை, அவர் மாளிகைக்குச் சென்றமையால் 1966ஆம் ஆண்டின் தீர்ப்பு மாறிவிடவுமில்லை.

படத்தின் கடைசி நிமிடங்களே எமது வாதத்துக்கு முக்கியமானவை. குற்றச்சாட்டுகள் பதியப்பட்டாயிற்று, வெற்றிச் செய்தி விதவைக்கு எட்டுகின்றது, இரீன் பப்பாஸ் அச்செய்தியை மகிழ்ச்சியின்றிக் கேட்டு நிற்கின்றார். துப்பறியும் படம் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. செய்தி வாசிக்கும் பாங்கில் விளைவுகள் அறிவிக்கப்படுகின்றன: சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக வெவ்வேறு 'விபத்து'களில் இறந்தனர், கொலையாளிகளுக்குச் சிறு தண்டனை, அதிகாரிகளுக்கு அதுவுமில்லை. இவற்றை அறிவித்துக்கொண்டிருந்த பத்திரிகையாளனும் திரையிலிருந்து மறைகின்றான். அவன் சிறைப்பட்ட செய்தியை வேறொரு குரல் வாசிக்கின்றது. இறுதியில் இராணுவ ஆட்சி தடைசெய்தவற்றின் நீண்ட பட்டியல்: சோபக்கிளிசும் தோல்ஸ்தோயும், வேலைநிறுத்தமும் நீண்ட தலைமயிரும், சுதந்திரப் பத்திரிகையும், 'ஸெட்' என்ற எழுத்தும்.

பார்வையாளருக்கு ஊட்டிய திருப்தியைப் படம் தானே பறித்தெடுக்கின்றது. இரவல் வாங்கிய வடிவத்தை ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முழுமூச்சாகப் பயன்படுத்தி, இறுதியில் உடைத்தெறிகின்றது. கொமொல்லி, நார்போனி ஆகியோரின் வாதம் இம்முறிவைக் கணக்கிலெடுக்கவில்லை. 1969இல் அப்பட்டியல் நடப்புச் செய்தி. ஏதென்சிலே அன்று இரவும் அமுலில் இருந்த தடை. இன்று அது பழஞ்செய்தி. ஆனால் பட்டியலுக்கு முன்வரும் பகுதி, அதாவது குற்றச்சாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே சாட்சிகள் மறையும் அந்தப் பகுதி, பழையதாகவில்லை. விசாரணை ஆணைக்குழு, அறிக்கை, பரிந்துரை என்ற சொற்களோடு வளர்ந்த எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 1970இல் அதே நெறியாளர், அதே செம்புறூன், அதே மொன்தான் இணைந்து 'லவே' என்ற படத்தை எடுத்தனர். 1952இல் பிராக் நகரில் நடந்த சிலான்ஸ்கி வழக்கிலே 14 பேர் குற்றஞ்சாட்டப்பட்டு, 11 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆயுட்தண்டனையோடு தப்பியவர்களுள் ஒருவரான ஆர்தர் லண்டனின் அனுபவமே அப்படம். 'ஸெட்'டுக்குக் கைதட்டிய சிலர் அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டனர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், அங்கும் விசாரணை மேசையும் எழுதப்படும் வாக்குமூலமும் இருப்பதைக் காண்பர். முதற்படத்தில் வாக்குமூலம் பொய்யைக் கிழிக்கின்றது. இரண்டாவதில் வாக்குமூலமே பொய், கைதி அதனை மனனஞ் செய்து ஒப்புவிக்க வேண்டும். நடைமுறை தன்னளவில் எவரையுங் காப்பதில்லை என்பதை அறிந்தவர்களே 'ஸெட்'டின் நீதவானைப் படைத்தனர் என்பது இதிலிருந்து புலனாகும். இடதுசாரிகள் முதற்படத்தை மட்டும் தமதாக்கிக்கொள்வது நேர்மையன்று.

வசிலிக்கோசின் நாவல் தெற்காசியாவுக்கும் வந்தது. 2012இல் திபாகர் பானர்ஜி நெறிப்படுத்திய 'ஷாங்காய்' என்ற இந்திப் படம் அதன் தழுவலே. ஏவுகணை எதிர்ப்புக் கூட்டத்தின் இடத்தில், பாரத் நகர் என்னுங் குடியிருப்பை அகற்றிப் பன்னாட்டு வணிகப் பூங்கா அமைக்குந் திட்டத்தை எதிர்ப்பவர் பேசவருகின்றார். வாகனம் அவரை மோதுகின்றது. 'ஸெட்'டிற் காணாத பொருளாதார அடித்தளம் இங்கே சுவரொட்டிகளிலும் நிலத்தின் விலையிலும் வெளிப்படையாகவே நிற்கின்றது. விசாரணை நீதவானின் இடத்தை நிரப்புபவர் கிருஷ்ணன் என்னுந் தமிழரான இந்திய ஆட்சிப்பணி அதிகாரி. முதலமைச்சருக்கு வேண்டியவர், வெளிநாட்டுப் பயணமொன்றை எதிர்நோக்கியிருப்பவர், படித்துவந்த உத்தியோகத்தரின் ஒழுங்கும் எச்சரிக்கையும் உடையவர். விசாரணையை ஒப்புக்கு நடத்தி முடிப்பதே அவரிடம் எதிர்பார்க்கப்படுவது.

திரன்தினியானின் நீதவானுக்கு முன்னால் அதிகாரிகள் வரிசையாக வந்து பெயர் சொல்லும் காட்சிக்கு 'ஷாங்காயி'ல் ஈடில்லை. கிருஷ்ணன் உண்மையைப் பதிவுசெய்யவில்லை. தம்மிடமுள்ள சான்றைக் கொண்டு மேலிடத்தோடு பேரம் பேசுகின்றார். வீழவேண்டியவர் சிலர் வீழ்கின்றனர். கொலையுண்டவரின் மனைவி தேர்தற் சுவரொட்டியிற் புன்னகைக்கின்றார். திட்டமோ நிற்கவில்லை, குடியிருப்பை இடிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவன் அக்கொலையோடு தொடர்புபட்ட அதே ஏழைத் தொழிலாளி.